யோனா சொன்னது நடக்கவே இல்லையே! அப்போ அவர் கள்ளத் தீர்க்கதரிசியா?

[திரையில்: கருப்புப் பின்னணி, வெள்ளை எழுத்தில் "40 நாள்"]

இன்னும் நாற்பது நாள்தான், அதுக்கப்புறம் இந்த ஊர் கவிழ்ந்துடும். தேவன் அனுப்பின தீர்க்கதரிசி ஊருக்குள்ள ஒரு நாள் பிரயாண தூரம் நடந்து போய் இப்படிச் சொன்னார். நாற்பது நாள் முடிஞ்சுது. நாற்பத்தொண்ணாவது நாள் காலையில நினிவேயில வழக்கம்போல அடுப்பு எரிஞ்சுது, ஆடு மாடு மேய்ச்சலுக்குப் போச்சு. ஒண்ணுமே நடக்கல.

இப்போ உபாகமம் 18:22 எடுங்க. கர்த்தருடைய பேர்ல ஒருத்தன் சொன்னது நடக்கலைன்னா, அது கர்த்தர் சொன்ன வார்த்தை இல்ல, அவனுக்குப் பயப்படாதேன்னு இருக்கு. அந்தச் சட்டப்படி பார்த்தா யோனா மாட்டிக்கிட்டாரு இல்ல?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர்னு நம்ம பக்கத்துச் சபைகள்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இன்னிக்கு எடுத்துக்கலாம். தீர்க்கதரிசனம், மன்னிப்பு, பாவம்னு மூணு தலைப்பு மாதிரி தெரியும். ஆனா யோனா கணக்கைத் தீர்த்துட்டா மீதி ரெண்டும் தானா வழிக்கு வந்துடும். வேதாகமத்தைக் கையில வெச்சுக்குங்க. செல்போன்ல பார்க்கறவங்க வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைச்சு வைங்க, புண்ணியமா போகும்.

பின்னணி சீக்கிரமா. யோனா, 2 இராஜாக்கள் 14:25-ல வர்ற அதே ஆள், ரெண்டாம் யெரொபெயாம் காலம், கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. நினிவே இருந்த இடம் இன்னிக்கு ஈராக்ல மோசூல் நகரம், டைகிரிஸ் ஆத்துக்குக் கிழக்குக் கரை. அவ்வளவு போதும்.

[திரையில்: எரேமியா 18:7-10]

யோனா கணக்குக்குச் சாவி யோனா புஸ்தகத்துல இல்ல, எரேமியாவுல இருக்கு. ஒரு ஜாதியைப் பிடுங்குவேன், இடிப்பேன்னு நான் சொன்ன பிறகு அந்த ஜாதி தன் தீங்கை விட்டுத் திரும்பினா, செய்ய நினைச்ச தீங்கை நானும் செய்ய மாட்டேன்னு தேவனே விதியைச் சொல்லிடறார். நியாயத்தீர்ப்பு வார்த்தைக்குள்ள ஒரு "திரும்பினால்" இருக்கு, வாய்விட்டுச் சொன்னாலும் சொல்லாட்டியும். யோனா சொன்னதுல அந்தச் சொல் இல்ல. ஆனா நினிவே ராஜா அதைக் கேட்டுப் பிடிச்சுட்டான். யோனா 3:9 பாருங்க, "ஒருவேளை தேவன் மனஸ்தாபப்பட்டு..."ன்னு அவன் யூகிக்கறான். ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட இரட்டு கட்டச் சொல்லி உத்தரவு போட்டான். சாக்கு கட்டின எருமையைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. நமக்குச் சிரிப்பு வரும், ஆனா அந்த ஊர் எவ்வளவு பயந்ததுன்னு அதுலதான் தெரியுது.

இதைவிட அழகான சாட்சி ஒண்ணு இருக்கு. மீகா, "எருசலேம் மண்மேடாகும்"னு சொன்னார், மீகா 3:12. எசேக்கியா ராஜா பயந்து ஜெபிச்சான், அந்தக் காலத்துல அது நடக்கல. சுமார் நூறு வருஷம் கழிச்சு எரேமியாவும் அதே மாதிரி பேசினதுக்காக, "இவனைக் கொல்லணும்"னு விசாரணைக்கு நிறுத்தினாங்க. அப்போ மூப்பர் சிலர் எழுந்து, நம்ம சத்துவாச்சாரி கோர்ட்ல வக்கீல் பழைய தீர்ப்பை எடுத்துக் காட்டற மாதிரி, மீகா சொன்ன வசனத்தை அப்படியே வாசிச்சாங்க, எரேமியா 26:18. "மீகா சொன்னது நடக்கலையே, எசேக்கியா அவனைக் கொன்னானா?"ன்னு கேட்டாங்க. நிறைவேறாத ஒரு தீர்க்கதரிசனம், இன்னொரு தீர்க்கதரிசியோட உயிரைக் காப்பாத்தினதுல சேர்ந்துடுச்சு. உபாகமம் 18 தெரியாதவங்க இல்ல அந்த மூப்பருங்க. சொன்ன தீங்கு நடக்கலைன்னா எச்சரிப்பு வேலை செஞ்சு ஜனங்க திரும்பினாங்கன்னுதான் அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியும்.

அப்படின்னா உபாகமம் 18 யாருக்கு? எரேமியா 28:9 அதுக்குப் பதில் சொல்லுது. "சமாதானம்"னு நல்ல வார்த்தை சொல்ற தீர்க்கதரிசியைத்தான் நடந்ததா நடக்கலையான்னு வெச்சு நிறுக்கணும். அந்த அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தர், "ரெண்டே வருஷத்துல பாபிலோன் நுகம் உடையும்"னு சொன்னார். கூட்டம் எந்தப் பக்கம் நின்னிருக்கும்னு நான் சொல்லணுமா? அந்த வருஷமே, ஏழாம் மாசத்துல அனனியா செத்துப்போனார்.

சரி, நினிவே தப்பிச்சுது, அப்புறம்? பழைய குணத்துக்கே போச்சு. நாகூம் பேசினார். கி.மு. 612-ல பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அந்த ஊரைத் தரைமட்டமாக்கினாங்க. "திரும்பினால்" ரெண்டு பக்கமும் வெட்டும். எரேமியா 18:9-10 வாசிங்க, நன்மை சொல்லியிருந்தாலும் பொல்லாப்பு செஞ்சா அதுவும் போயிடும்.

இங்க டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு வருவோம். வாக்குத்தத்த அட்டை வாங்குவோம், ஃபிரிட்ஜ் மேல ஒட்டுவோம். அதிர்ஷ்டச் சீட்டு எடுத்த மாதிரி, "இந்த வருஷம் எனக்கு இது வந்துருக்கு"ன்னு சந்தோஷம். எரேமியா 29:11 வந்தா இன்னும் சந்தோஷம். தயவுசெஞ்சு ஒரு வசனம் மேல போய் 29:10 வாசிங்க. எழுபது வருஷம் கழிச்சு! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதை முதல்ல வாசிச்ச பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பாபிலோன்லயே அடக்கம். அதனாலதான் 29:5-ல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு சொல்றார். அட்டை வேண்டாம்னு நான் சொல்லல, அட்டையில அச்சடிக்காத பக்கத்து வசனத்தையும் வாசிங்கன்னு சொல்றேன்.

எல்லாத் தீர்க்கதரிசனமும் இப்படி நிபந்தனையோடயா? இல்ல. தேவன் ஆணையிட்டுச் சொன்னது அசையாது, ஆதியாகமம் 22:16, சங்கீதம் 110:4 அந்த ரகம். மேசியா பெத்லகேம்ல பிறப்பார்ங்கற மீகா 5:2 யாரோட மனந்திரும்புதலையும் எதிர்பார்த்து நிக்கல.

தேதி குறிக்கறவங்க கதை ஒண்ணு. வில்லியம் மில்லர்னு அமெரிக்காவுல ஒருத்தர். தானியேல் 8:14-ல இருக்கற 2300 நாளை 2300 வருஷம்னு வெச்சு, கி.மு. 457-ல இருந்து எண்ணினார், 1843 வந்துது. கி.மு. 1-க்கு அடுத்தது நேரா கி.பி. 1, நடுவுல பூஜ்யம் வருஷம் கிடையாது. அதைச் சேர்த்தப்போ கணக்கு 1844-க்குப் போச்சு. கடைசியா அவரைப் பின்பற்றினவங்க 1844 அக்டோபர் 22-ன்னு நாளையே குறிச்சாங்க. ராத்திரி முழுக்கக் காத்திருந்தாங்க, விடிஞ்சுது. கூட்டல் சரிதான், கூட்டவே கூடாத இடத்துல கூட்டினதுதான் தப்பு. மத்தேயு 24:36-ல அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார்னு எழுதியிருக்கு.

666-ங்கற மிருகத்தோட முத்திரை ஆதார் நம்பர்லயா, க்யூஆர் கோட்லயான்னு கேட்டவங்களுக்கு: வெளிப்படுத்தல் 13-லயும் 14:9-லயும் அந்த முத்திரை மிருகத்தை வணங்கறதோட சேர்ந்தே வருது, டீக்கடையில பணம் ஸ்கேன் பண்றதோட இல்ல. அடுத்த கேள்வி.

[திரையில்: பதினாயிரம் தாலந்து × ? = ?]

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன். "எத்தனை தடவைதான் மன்னிக்கறது?" பேதுரு ஏழுன்னு கேட்டார், ஏழெழுபதுன்னு பதில் வந்துது. உடனே இயேசு மத்தேயு 18-ல ஒரு கடன்காரன் கதை சொல்றார். ராஜாவுக்கு அவன் தரவேண்டியது பதினாயிரம் தாலந்து. அவனுக்கு இன்னொருத்தன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். இதை நாம "பெரிய கடன், சின்னக் கடன்"னு தாண்டிப் போயிடறோம். நம்ம ஊர்க் காசுல போட்டுப் பார்ப்போம்.

ஒரு வெள்ளிப்பணம்ங்கறது திராட்சத்தோட்ட வேலைக்காரனோட ஒரு நாள் கூலி, மத்தேயு 20:2. ஒரு தாலந்துக்கு 6,000 வெள்ளிப்பணம். அப்போ பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. கணக்குக்கு நாள் கூலி 600 ரூபாய்னு வெச்சுக்குங்க. மொத்தம் 3,600 கோடி ரூபாய்! வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைச்சாலும் அடைச்சு முடிக்க ரெண்டு லட்சம் வருஷம் ஆகும். இன்னொரு அளவு வேணுமா? கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வருஷ வருமானம் 200 தாலந்துன்னு முதல் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர் ஜோசிபஸ் எழுதறார். அந்த நாட்டோட அம்பது வருஷ வருமானத்தை ஒரே ஆள் கடன் வெச்சிருக்கான். அவன் என்ன சொல்றான் தெரியுமா? "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்." தைரியத்தைப் பாருங்க!

இப்போ நூறு வெள்ளிப்பணம். 60,000 ரூபாய், நாலு மாசக் கூலி. இங்கதான் நிறைய பிரசங்கங்கள் சறுக்கும், "அற்ப சொற்பக் கடன்"னு சொல்லிடுவாங்க. கூலிக்காரனுக்கு நாலு மாசச் சம்பளம் அற்பமா? உங்களுக்கு ஒருத்தர் செஞ்ச துரோகம் சின்னதுன்னு இயேசு சொல்லவே இல்ல. அது 60,000 ரூபாய் வலிதான். 3,600 கோடி பக்கத்துல வெச்சுப் பாருன்னுதான் சொல்றார்.

கூடவே ஒண்ணு. மன்னிக்கறதும் பழையபடி ஒரே வீட்டுல இருக்கறதும் ஒண்ணு இல்ல. அடிக்கற புருஷனை மன்னிக்கலாம், ஆனா அடி வாங்க மறுபடியும் போய் நிக்கணும்னு எந்த வசனமும் சொல்லல. ஆபத்துல இருக்கற அக்கா தங்கச்சிங்க பெண்கள் உதவி எண் 181-க்கு போன் பண்ணுங்க. அது அவிசுவாசம் இல்ல. "குடும்ப மானம் போயிடும்"னு தடுக்கற போதகர் இருந்தா, இந்தப் பகுதியை அவருக்கே அனுப்புங்க. லைக்கை விட அந்த ஷேர்தான் எனக்கு முக்கியம்.

மன்னிக்கப்படாத பாவம் செஞ்சுட்டோமோன்னு ராத்திரி தூக்கம் வராதவங்களுக்கு: மாற்கு 3:28, 29-ஓட நிறுத்தாதீங்க, 30-ஐயும் வாசிங்க. "அவருக்கு அசுத்த ஆவி இருக்கு"ன்னு வேதபாரகர் சொன்னதாலதான் இயேசு அப்படிச் சொன்னார்னு காரணத்தையே எழுதி வெச்சிருக்கு. கண்ணு முன்னால நடந்த தேவனுடைய கிரியையைத் தெரிஞ்சே பிசாசுடையதுன்னு சொன்ன கல்மனசு அது. "நான் செஞ்சுட்டேனோ"ன்னு அழற மனசு அந்த ரகம் இல்ல.

தலைமுறைச் சாபத்தை முறிக்கக் காசு கேட்டா, தகப்பனோட அக்கிரமத்தை மகன் சுமக்கறதில்லைன்னு சொல்ற எசேக்கியேல் 18:20-ஐ விரிச்சுக் காட்டிட்டு எழுந்து வந்துடுங்க.

கடைசியா, "கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், ஆனா ஏமாத்தின பணம் இன்னும் என்கிட்டதான் இருக்கு." ஆம்பூர்ல ஒருத்தர் சீட்டுப் பணம் 10,000 ரூபாயை அமுக்கிட்டார்னு வெச்சுப்போம். லேவியராகமம் 6:1-7, எண்ணாகமம் 5:6-8, ரெண்டையும் பக்கத்துல வெச்சா வரிசை தெளிவா இருக்கு. முதல்ல பாவத்தை அறிக்கை பண்ணணும். அடுத்து முதலைத் திருப்பணும், 10,000. அதோட ஐந்தில் ஒரு பங்கு, 2,000. ஆக 12,000, பணத்துக்குச் சொந்தக்காரர் கையில. பலிக்கான ஆட்டுக்கடா அதுக்கப்புறம்தான் பேச்சுல வருது. இதெல்லாம் இரட்சிப்புக்கு விலை இல்ல. ஆனா வரி வசூலிக்கற சகேயு நாலத்தனையா திருப்பறேன்னு சொன்ன வீட்டுலதான் "இன்றைக்கு இரட்சிப்பு வந்தது"ங்கற வார்த்தை கேட்டுது. திருடின ஆட்டை அடிச்சுட்டா நாலு ஆடுன்னு யாத்திராகமம் 22:1 சொல்லுது. ஐந்தில் ஒரு பங்கோட நிக்காம, அதைவிடக் கடுமையான சட்டத்தைத் தனக்குத் தானே போட்டுக்கிட்டார் மனுஷன்.

எங்க கெட்டுப்போகும்னா, பேர் போடாத கவர்ல பணத்தை வெச்சுக் கதவிடுக்குல சொருகிட்டு வர்றது. அறிக்கை எங்க? அடுத்தது, "நான் எதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்குங்க." பண்ணியிருந்தா இல்ல, பண்ணீங்க. என்ன பண்ணீங்கன்னு, தொகையோட சொல்லுங்க. மூணாவது, சபையில சாட்சி சொல்றேன்னு கூட்டாளி பேரையும் சேர்த்து இழுத்து விடறது. உங்க கணக்கை மட்டும் சொல்லுங்க.

"அப்புறமா போறேன்"னு தள்ளிப் போடறவங்க மத்தேயு 5:23-24 பாருங்க. காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால அப்படியே விட்டுட்டுப் போய் ஒப்புரவாகிட்டு வான்னு இயேசு சொன்னது கலிலேயாவுல. பலிபீடம் இருந்தது எருசலேம்ல. நடந்து போனா சுமார் 120 கிலோமீட்டர், வேலூர்ல இருந்து ஏறக்குறைய பூந்தமல்லி. அவ்வளவு தூரம் போயும் காணிக்கையை வெச்சுட்டுத் திரும்பி நடக்கச் சொல்றார். நமக்கு திருவிருந்து ஆராதனைக்கு முன்னால அண்ணன் வீட்டுக்கு டவுன் பஸ் ஏற மனசு வரல.

பணத்துக்குச் சொந்தக்காரர் செத்துப்போயிட்டா? எண்ணாகமம் 5:8 அதையும் விடல. முதல்ல உறவின்முறையைத் தேடணும். மனைவி, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்கன்னு யார் இருந்தாலும் 12,000 அவங்களுக்கு. வாங்கிக்க ஒருத்தருமே இல்லைன்னாதான் அது கர்த்தருக்கு. வாரிசு கஸ்பாவுல உயிரோட இருக்கும்போது பணத்தைக் காணிக்கைப் பையில போட்டா கணக்குத் தீராது.