மல்லாந்து படுத்தால் போதும்

நண்பர்களே, எரிநட்சத்திரம் பார்க்க எந்த டெலஸ்கோப் வாங்கலாம் என்று வாசலிலேயே ஒருவர் மடக்கிக் கேட்டார். எதுவும் வேண்டாம். டெலஸ்கோப் காட்டுவது வானத்தில் ஒரு பொட்டளவு இடத்தை. எரிநட்சத்திரமோ எந்த மூலையில் கீறும் என்று சொல்லிக்கொண்டு வராது. விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் மல்லாந்து படுக்கத் தெரிந்தால் போதும்.

விழுவது நட்சத்திரமே அல்ல. பெரும்பாலும் மணல் பருக்கை அளவு துகள். நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வருகிறது. தரைக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று ரொம்ப மெலிசுதான். ஆனாலும் அந்த வேகத்துக்கு அதுவே சுவர் மாதிரி. மோத மோதத் துகள் சூடேறி ஆவியாகிறது. அந்த ஆவியின் அணுக்களும் காற்றின் அணுக்களும் இடித்துக்கொண்டு ஒளிர்கின்றன. ஆக, நாம் பார்க்கும் கோடு கல் அல்ல, கல் போன தடம். மஞ்சளாகத் தெரிந்தால் சோடியம், நீலப்பச்சை என்றால் மக்னீசியம்.

துகள்கள் எங்கிருந்து வருகின்றன? சூரியனை நெருங்கும் வால்நட்சத்திரம் தூசியை உதிர்த்துவிட்டுப் போகிறது. அந்தத் தூசிப் பாதையைப் பூமி ஆண்டுதோறும் குறுக்கே கடக்கிறது. ஆகஸ்ட் 12, 13-ல் உச்சம் தொடும் பெர்சீட்ஸ் என்ற எரிநட்சத்திர மழை இப்படித்தான். அதன் தாய் ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம்; சுமார் 133 ஆண்டுக்கு ஒருமுறை வரும், கடைசியாக வந்தது 1992-ல். டிசம்பரில் வரும் ஜெமினிட்ஸ் மழையின் கதை வேறு. அதன் தாய் ஃபீத்தன், 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோள். பாறை எப்படி இவ்வளவு தூசியை உதிர்த்தது என்று இன்னமும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் தடவை நான் எட்டு மணிக்கே போய், பத்து மணிக்கு அலுத்துப்போய் எழுந்து வந்துவிட்டேன். மடத்தனம்! ஓடும் காரில் முன்கண்ணாடியில்தானே மழை அதிகம் அடிக்கும்? நள்ளிரவுக்குப் பிறகுதான் நாம் பூமி ஓடும் திசைக்கு முகம் காட்டுகிறோம். விடியலுக்கு முந்தைய நேரம்தான் அறுவடை.

கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருதரம் செல்போனைப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

அப்புறம், ஒரே மழையின் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேரும், தொலைவில் தண்டவாளங்கள் சேருவதுபோல. அந்தப் புள்ளியையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கே கோடுகள் குட்டையாக இருக்கும். கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், நீளமானவை அங்கேதான் ஓடும்.