அன்னா மூரின் வலது கை

நேயர்களுக்கு வணக்கம். 1920-ல் அமெரிக்காவில் வெளியான 'வே டவுன் ஈஸ்ட்' என்ற ஊமைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். லாட்டி பிளேர் பார்க்கரின் பழைய மேடை நாடகம் அது. அதன் உரிமையை 1,75,000 டாலர் கொடுத்து வாங்கிப் படமாக்கினார் டி. டபிள்யூ. கிரிஃபித். அந்தக் காலத்தில் அது கண்ணைக் கட்டும் தொகை.

அன்னா மூர் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பக்கத்துக் கிராமத்துப் பெண். வீட்டில் அம்மாவும் அவளும்தான், கையில் காசில்லை. பாஸ்டனில் இருக்கும் பணக்கார உறவுக்காரர்களிடம் உதவி கேட்கப் போகிறாள். அங்கே சாண்டர்சன் என்ற செல்வந்தன் அவள் மேல் கண் வைக்கிறான். வேறு வழியில் மசிய மாட்டாள் என்று தெரிந்ததும், போலிப் பாதிரியை வைத்துக் கல்யாண நாடகம் நடத்துகிறான். அவள் கர்ப்பமானதும் கைவிடுகிறான்.

பட்டணத்து மோகத்தில் கெட்டுப்போனவள் என்று இந்த மாதிரிப் பெண்களைச் சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அன்னா நம்பியது கல்யாணத்தை. ஊரில் எதை நம்பச் சொல்லி வளர்த்தார்களோ, அதைத்தான் நம்பினாள்.

அப்புறம் ஒரு வாடகை அறை. குழந்தை சாகக் கிடக்கிறது. ஞானஸ்நானம் கொடுக்க யாரும் இல்லை. அவளே தண்ணீரைத் தொட்டு அந்தச் சின்னத் தலையில் வைக்கிறாள். அன்னாவாக நடித்த லில்லியன் கிஷ்ஷின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். அழுகையைக்கூட ஒத்திவைத்துவிட்டு, தாயே பாதிரியாகி நிற்கிறாள்.

குழந்தை போனபின் பார்ட்லெட் என்பவரின் பண்ணையில் வேலைக்குச் சேர்கிறாள். பழைய கதை ஊர் வாயில் விழுகிறது. பண்ணைக்காரர் கதவைக் காட்டுகிறார். அவள் உடனே போய்விடவில்லை. சாப்பாட்டு மேசையில் மரியாதைக்குரிய விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் சாண்டர்சனை நோக்கிக் கை நீட்டுகிறாள். இவன்தான்! குரல் கேட்காத படம்தான், ஆனால் அந்த இடத்தில் எனக்குக் காது அடைத்துப்போகிறது.

அதன்பின் பனிப்புயல். உறைந்த ஆற்றில் மயங்கி விழுகிறாள், பனிக்கட்டி உடைந்து அவளைச் சுமந்துகொண்டு அருவியை நோக்கிப் போகிறது. ஆற்றுக் காட்சிகளில் பெரும்பகுதியை வெர்மான்ட் மாநிலத்தின் வைட் ரிவர் ஜங்ஷன் பக்கம், நடுங்கும் குளிரில் எடுத்தார்கள். கையும் கூந்தலும் தண்ணீரில் இழுபட்டுப் போகட்டும் என்ற யோசனை லில்லியனுடையதே. நகல் நடிகை கிடையாது. திரும்பத் திரும்ப எடுத்தபோதெல்லாம் அவரே கையை அந்த ஆற்றில் விட்டார். கூந்தல் விறைத்துப்போனது. பல வருஷம் கழித்தும் குளிர் வந்தால் அந்த விரல்கள் வலித்தன.

பண்ணைக்காரரின் மகன் டேவிட் கட்டிக்குக் கட்டி தாவி ஓடி வருகிறான். ரிச்சர்ட் பார்த்தல்மெஸ் நடித்த வேடம். அருவி விளிம்பில் அவளைத் தூக்கிவிடுகிறான், சரி. நான் அதற்குள் பலமுறை அவனை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குழந்தையின் தலையில் தண்ணீர் வைத்த கை, ஆற்றின் மேல் விரல் விரித்துக் கிடக்கிறது.

வணக்கம்.