பிட்ச் என்றால் சுருதி மட்டும்தானா?

(திரையில்: குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் குடம். தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.)

கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். முதலில் கனமாக விழுகிறது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, தண்ணீர் குடத்தின் கழுத்துக்கு வரும்போது கீச்சென்று ஆகிவிடுகிறது. அடுப்படியில் வேலையாக இருக்கிற அம்மா எட்டிப் பார்க்காமலே "குடம் நிறைஞ்சிடுச்சு, குழாயை மூடு" என்று சொல்வது இதை வைத்துத்தான். தண்ணீர் அதே வேகத்தில்தான் விழுகிறது, ஆனால் உள்ளே காற்று இருக்கிற இடம் குறையக் குறைய அந்தக் காற்று வேகமாக அதிர்கிறது. சத்தம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்கிற இந்த விஷயத்துக்குத்தான் ஆங்கிலத்தில் பிட்ச் என்று பெயர். தமிழில் சுருதி, பேச்சில் சுதி.

இதைச் சத்தத்தின் அளவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காதோரம் பறக்கிற கொசுவின் சத்தம் ரொம்பச் சின்னது, ஆனால் பிட்ச் உயரம். மேட்டில் ஏறுகிற லாரி எஞ்சின் காதைப் பிளக்கும், ஆனால் பிட்ச் தாழ்வு.

ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் கணக்கு, அதற்கு ஹெர்ட்ஸ் என்று அலகு. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராக்கள் கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கிற 'ஏ' என்கிற சுரம் 440 ஹெர்ட்ஸ். அது இரட்டிப்பாகி 880 ஆனால் அதே சுரம் ஒரு ஸ்தாயி, அதாவது 'ஸ'-விலிருந்து அடுத்த 'ஸ' வரைக்குமான தூரம், மேலே கேட்கும். இந்த 440 ஒன்றும் இயற்கை வகுத்த எண் இல்லை. 1859-ல் பிரான்ஸ் அரசு 435 என்று சட்டமே போட்டது, 1939-ல் லண்டனில் நடந்த மாநாட்டில்தான் 440 என்று பேசி முடித்தார்கள். இதற்கு கான்சர்ட் பிட்ச் என்று பெயர்.

(திரையில்: ஹார்மோனியம், மேலிருந்து. விரல் ஒவ்வொரு கட்டையாகத் தொடுகிறது.)

நம் ஊரில் பாடகரிடம் "என்ன சுருதி?" என்று கேட்டால் "ஒன்றரைக் கட்டை" என்பார். அந்தக் கட்டை இதோ இந்த ஹார்மோனியக் கட்டைதான்! கறுப்புக் கட்டை இரண்டு ஜோடியாக இருக்கிற இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கிற வெள்ளைக் கட்டை ஒன்று, அதாவது ஆங்கிலத்தில் 'சி'. அதற்கும் அடுத்த வெள்ளைக்கும் நடுவில் இருக்கிற கறுப்பு ஒன்றரை, அதாவது 'சி ஷார்ப்'. இப்படியே போனால் இரண்டு, இரண்டரை, மூன்று, அப்புறம் நேராக நான்கு. மூன்றரை கிடையாது, ஏனென்றால் அந்த இரண்டு வெள்ளைக்கும் நடுவில் கறுப்பே இல்லை. பொதுவாக ஆண்கள் ஒன்று, ஒன்றரையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் பாடுவார்கள். ஒரு கருவியின் உடம்பிலிருந்து நேராக எடுத்த இவ்வளவு தெளிவான சொல் நம்மிடம் இருக்கும்போது அதைக் கைவிடக் கூடாது என்பது என் ஆசை.

சரி, இதே சொல் கிரிக்கெட்டுக்கு எப்படிப் போனது? பிட்ச் என்கிற வினைச்சொல்லின் பழைய பொருள் குத்தி நடுவது, நிலையாக நிறுத்துவது. கூடாரம் அடிப்பதை 'பிட்ச் எ டென்ட்' என்பது அதனால்தான். கிரிக்கெட்டின் பழைய விதிகளிலும் விக்கெட்டுகளை 22 கெஜ இடைவெளியில் 'பிட்ச்' செய்ய வேண்டும், அதாவது ஸ்டம்பை நட வேண்டும் என்றுதான் இருக்கும். நட்ட இடத்துக்கே பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் தெருவியாபாரி கடை போடுகிற இடமும் பிட்ச்தான். இரண்டு படைகள் ஓர் இடத்தில் அணிவகுத்து நின்று மோதினால் அது 'பிட்ச்டு பேட்டில்'. எனக்கு இசைப் பொருளும் இதற்குள் அழகாக அடங்குகிற மாதிரிதான் தோன்றுகிறது. தம்பூராவை மீட்டிவிட்டுப் பாடகர் ஸட்ஜத்தை, அதாவது முதல் சுரமான 'ஸ'-வை, ஓர் உயரத்தில் ஊன்றி நிறுத்துகிறாரே, மற்ற ஆறு சுரமும் அதைப் பிடித்துக்கொண்டுதானே நிற்கின்றன.

எறிவது என்கிற பொருளும் உண்டு, பேஸ்பாலில் பந்து எறிகிறவர் பிட்சர். முதலீட்டாளர் முன்னால் நின்று தன் தொழிலை எடுத்துச் சொல்வதும் பிட்ச். கூரையின் சரிவு, ஸ்க்ரூவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடுவது, எல்லாமே பிட்ச்.

இணைச்சொற்களில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அகராதியில் டோன், நோட், கீ, டியூன் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. நோட் என்பது ஒரு சுரம், அதற்கு பிட்சும் உண்டு, எவ்வளவு நேரம் நீள்கிறது என்கிற அளவும் உண்டு. டோன் என்றால் பெரும்பாலும் நாதத்தின் குணம். ஒரே ஸட்ஜத்தை வீணையிலும் நாகஸ்வரத்திலும் வாசித்தால் பிட்ச் ஒன்று, டோன் வேறு. டியூன் என்றால் மெட்டு. கீ என்பது பாட்டு எந்தச் சுரத்தை வீடாக வைத்து நடக்கிறது என்பது. நம் மெல்லிசைக் குழுக்களில் "பாட்டு என்ன ஸ்கேல்?" என்று கேட்பது இந்தக் கீயைத்தான், ஆங்கிலத்தில் ஸ்கேல் என்றால் சுரங்களின் ஏறுவரிசை. குரல் சுருதிக்குக் கீழே இறங்கினால் ஃபிளாட், மேலே ஏறினால் ஷார்ப்.

'பர்ஃபெக்ட் பிட்ச்' என்றால் நன்றாகப் பாடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. எந்தத் துணையும் இல்லாமல் ஒரு சத்தத்தைக் கேட்டவுடன் அது என்ன சுரம் என்று சொல்லிவிடும் திறமை அது. ஸட்ஜத்தைக் கொடுத்துவிட்டால் அதை வைத்து மற்றச் சுரங்களைப் பிடிப்பது 'ரிலேட்டிவ் பிட்ச்', நம் சங்கீத வகுப்பில் பழகுவது இதுதான்.

(திரையில்: கண்ணாடிப் புனலில் கெட்டியான கறுப்புப் பொருள்.)

கடைசியாக ஒரு பிட்ச், இது வேறு வேரிலிருந்து வந்த சொல். தார் மாதிரிப் பிசின். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் இதைப் புனலில் ஊற்றி, 1930-ல் அடிக்குழாயை வெட்டித் திறந்தார்கள். சுத்தியலால் தட்டினால் நொறுங்குகிற இந்தப் பொருள் உண்மையில் சொட்டுகிறது, ஆனால் ஒன்பதாவது சொட்டு விழுவதற்கு 2014 ஆகிவிட்டது. 'பிட்ச் பிளாக்', 'பிட்ச் டார்க்' என்று படித்தால் இந்தக் கறுப்பைத்தான் சொல்கிறார்கள், அங்கே சுருதியைத் தேட வேண்டாம்.