மூட்டையைப் பிரித்த கை

நடுவர் அவர்களே, இப்போதே என்னைப் பரிதாபமாகப் பார்க்கிற எதிரணி அண்ணன்மாரே, அரிசிபாளையத்துப் பெரியோர்களே, வணக்கம்.

இன்றைய தலைப்பு: விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சியின் பெருமை சாவிலா, வாழ்விலா? சாவில்தான் என்று சொல்ல எதிரணித் தலைவர் புனித தேவசகாயத்தைக் கூட்டி வந்தார். அவர் சுடப்பட்ட காற்றாடிமலை வரை நம்மையும் நடக்க வைத்து, குண்டுச் சத்தத்தையும் கேட்க வைத்துவிட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் அண்ணே, 1749-ல் பிடிபட்டவர் 1752-ல் அல்லவா சுடப்பட்டார்? நடுவில் கிடக்கும் ஏறக்குறைய மூன்று வருடத்தை யார் கணக்கில் எழுதுவது?

சரி, அவரை விடுங்கள். நான் காங்கோவுக்குப் போகிறேன். ருவாண்டா எல்லையை ஒட்டிய கோமா நகரத்துப் பையன், ஃபுளோரிபெர்ட் புவானா சுயி. 1981-ல் பிறந்தவர். குருவானவர் இல்லை, துறவி இல்லை. நம்மைப் போலப் பொதுநிலையினர். சான் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுவில் சேர்ந்து தெருவோரப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வேலை, சரக்குகளின் தரம் பார்க்கும் அரசு அலுவலகத்தில். எல்லை தாண்டி வந்த அரிசி கெட்டுப்போயிருந்தது. கண்டுகொள்ளாமல் விடப் பணம் நீட்டினார்கள், வேண்டாம் என்றார். தொகையை ஏற்றினார்கள், அப்போதும் வேண்டாம் என்றார். 2007 ஜூலை 7-ல் கடத்தப்பட்டார். இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. வயது 26.

அரிசிபாளையத்தில் நின்று அரிசியைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? என் அப்பா நம்ம சேலத்து லீ பஜாரில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். மூட்டையில் குத்தூசி இறக்கி, வந்த அரிசியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். கெட்டது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்ட நாட்கள் உண்டு என்று வயதான பிறகு சொன்னார். கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தையும், வெளுப்புக்கு மருந்து போட்ட ஜவ்வரிசியையும் பார்த்த ஊர் இது. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிரணி கேட்கும்: கொல்லப்படாமல் இருந்தால் அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஒத்துக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோமாவில் கொல்லப்பட்டவர்கள் கொஞ்ச நஞ்சமா? அத்தனை பேரையுமா திருச்சபை மறைசாட்சி என்கிறது? விசுவாசத்தின் மேலுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. இவரைக் கொன்றவர்களுக்கு விசுவாசத்தோடு என்ன சண்டை? அவர்கள் சண்டை துட்டோடு. பிறகு எப்படி 2025 ஜூன் 15-ல் உரோமையில் அருளாளர், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, ஆனார்? அந்தப் பணத்தை அவர் மறுத்ததே கிறிஸ்துவுக்காக என்பதால்! வாழ்வை உருவிவிட்டால் அந்தச் சாவு வெறும் கடத்தல் வழக்கு, அண்ணே. எதிரணி பிடித்துக்கொண்டிருக்கும் கிளைக்கு வேர் எங்கள் பக்கம் இருக்கிறது.

2023-ல் கின்ஷாசாவில் இளைஞர்களிடம் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் பற்றிப் பேசினார். கண்டும் காணாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது, பதவி உயர்வுகூடக் கிடைத்திருக்கலாம் என்ற பொருளில் சொன்னார். யாருக்கும் தெரியாது! என் வழக்கு மொத்தமும் அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது. சாகும்போது கொலைகாரனாவது எதிரே நிற்கிறான். அலுவலகத்தில் மேசை, நாற்காலி, ஒரு முத்திரை. அவ்வளவுதான் சாட்சி.

மணியைத் தொடாதீர்கள் நடுவரே, அரை நிமிடம். சாவு அவர் கையில் இல்லை. அதைக் குறித்தவர்கள் வேறு ஆட்கள். அவர் கையில் இருந்தது முத்திரை ஒன்றுதான். அதை வைப்பதற்கு முன் தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவரிடம் விசாரித்தார். தனக்கு என்ன நடக்கும் என்றா கேட்டார்? இந்த அரிசியைச் சாப்பிட்டால் சனங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார்.

இப்போது அடித்துக்கொள்ளுங்கள் மணியை.