பொதுத் தொகுதியில் நிற்கவே நம்மை அனுப்பினார்கள்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, சபையாரே, அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்தவர்கள் அரசியலில் ஈடுபட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் இரண்டு காரணம் சொன்னார். அரசியல் ஒரு சாக்கடை, இறங்கினால் சாட்சி, அதாவது கிறிஸ்துவுக்கு ஏற்ற நம் நல்நடத்தை, கெட்டுவிடும் என்றார். இராயனுடையதை இராயனுக்குக் கொடுத்துவிட்டு நாம் பரலோகத்தைப் பார்ப்போம் என்றார்.

அண்ணே, இயேசு அதைச் சொன்ன அன்றைக்கு இராயன், அதாவது ரோமப் பேரரசன், ரோமாபுரியில் இருந்தான். இன்றைக்கு நம் நாட்டில் இராயன் யார்? ஓட்டுப் போடுகிற நீங்களும் நானும்தானே! அப்படியென்றால் வரி கட்டியதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. சாட்சி கெடும் என்கிறீர்கள். வேதாகமத்துத் தானியேல் பாபிலோன் அரண்மனையில்தான் உத்தியோகம் பார்த்தார். ஜெபத்தையும் விடவில்லை, வேலையிலும் குற்றம் காண முடியவில்லை.

நம் நாட்டு வரலாற்றுக்கு வருகிறேன். 1947இல் அரசியல் நிர்ணய சபை சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் இடம் ஒதுக்கலாம் என்றுதான் முதலில் முடிவெடுத்தது. அந்தச் சிறுபான்மையினரில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1949 மே மாதம் அந்த ஒதுக்கீடு கைவிடப்பட்டது. வேண்டாம் என்று முன்நின்றவர்களில் ஒருவர் அந்தச் சபையின் துணைத் தலைவர், வங்காளக் கிறிஸ்தவர் ஹரேந்திர குமார் முகர்ஜி. சென்னையிலிருந்து போன இயேசு சபைக் குருவானவர் ஜெரோம் டிசூசாவும் அதை ஆதரித்தார். கையில் இருந்த இடத்தை ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? கிறிஸ்தவன் ஒரு மூலையில் தனியே நிற்க மாட்டான், பொதுத் தொகுதியில் எல்லோரோடும் நின்று எல்லோருக்காகவும் உழைப்பான் என்ற நம்பிக்கையில்தான். அவர்கள் வைத்த நம்பிக்கையை, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நாம் பொய்யாக்கலாமா? அதே சபைதான் அரசியலமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் மதத்தைப் பரப்பும் உரிமையையும் எழுதி வைத்தது. தெருமுனையில் நீங்கள் கொடுக்கிற கைப்பிரதிக்குக் காவலாக நிற்பது அந்த அரசியல்தான்.

நாகர்கோவில் வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி கிறிஸ்தவர். அவர் எதற்காகப் போராடினார், சபைச் சொத்துக்காகவா? திருவிதாங்கூரில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்ப்பதற்காக! 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டே குளச்சலில் வென்ற மீனவர் வீட்டுப் பெண் லூர்தம்மாள் சைமன், காமராசர் அமைச்சரவையில் அமைச்சரானார்.

பீடத்தில் நின்றுகொண்டு இந்தச் சின்னத்துக்குப் போடுங்கள் என்று சொல்வதை நானும் எதிர்க்கிறேன். வேட்பாளருக்குச் சால்வை போட்டு அனுப்புவதும் நான் கேட்கிற அரசியல் அல்ல. ஆனால் நம் சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தலுக்கு அணி அணியாகத் திரள்கிற நமக்கு, ஊராட்சித் தேர்தல் மட்டும் சாக்கடையாகத் தெரிகிறதே, அதுதான் என் மனதை வருத்துகிறது.

நடுவர் அவர்களே, பட்டியல் சாதியினர் யார் என்று சொல்லும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் மூன்றாம் பத்தி என்று ஒன்று இருக்கிறது. இந்துக்கள் மட்டுமே என்றது அது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கிறார். அதே தெருவில்தான் குடியிருக்கிறார், அதே இழிவைத்தான் சுமக்கிறார். ஞானஸ்நானம் எடுத்த ஒரே காரணத்தால் தனித் தொகுதியில் அவர் போட்டியிட முடியாது. சாதிவெறியில் அவரை அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. அவருடைய கல்லறைக்கும் தனிச் சுவர் எழுப்பிய ஊர்கள் நம்மிடமே உண்டு, அதற்காக முதலில் மனந்திரும்ப வேண்டியவர்கள் நாம்தான். அந்தப் பத்தியை நீக்குங்கள் என்று 2007இல் மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்கும் அந்த உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

உபவாச ஜெபம் வையுங்கள், நானும் வந்து முழங்கால் போடுகிறேன். ஆமென் சொல்லி எழுந்த பிறகு, நாடாளுமன்றத்தில் நின்று அந்தத் திருத்தத்தைக் கேட்க யாரை அனுப்பப் போகிறீர்கள், அண்ணே?