ஃபாதரை எப்போது கூப்பிட வேண்டும்? நோயில்பூசுதல்: ஒரு விளக்கம்

[காட்சி: மருத்துவமனை வராந்தா, இரவு நேரம். குரல் மட்டும்.]

வீட்டில் அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை. மகள் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்: "ஃபாதரை வரச் சொல்லலாமா அண்ணே?" அண்ணன் பதறிப்போகிறார். "இப்பவே எதுக்கும்மா? அப்பா பயந்துடுவாரு. டாக்டர் என்ன சொல்றாருன்னு பார்ப்போம்."

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தப் பேச்சு நடக்காத வீடு குறைவு. பார்ப்போம், பார்ப்போம் என்று நாள் கடந்து, கடைசியில் அப்பாவுக்கு நினைவு தப்பிய பிறகு நடுச்சாமத்தில் பங்குத்தந்தைக்கு போன் போகிறது. அவர் அடித்துப்பிடித்து வருகிறார், செபிக்கிறார், எண்ணெய் பூசுகிறார். நோயாளிக்காக நடக்கும் இந்தச் சடங்குதான் நோயில்பூசுதல். யாருக்காக அத்தனையும் நடக்கிறதோ, அவருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

இது மாற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வீடியோ.

[காட்சி: ஏழு அருட்சாதனங்களின் படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக.]

திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது), நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். கத்தோலிக்கத் திருச்சபையில் அருட்சாதனங்கள் ஏழு. கண்ணால் பார்க்க முடியாத இறையருள், தண்ணீர், அப்பம், திராட்சை இரசம், எண்ணெய், மனிதர் வாயிலிருந்து வரும் வார்த்தை என்று நம் புலன்களுக்கு எட்டுகிற வழியில் நம்மிடம் வருகிறது என்பது திருச்சபையின் நம்பிக்கை. பிறப்பு, வளர்ச்சி, பசி, குற்றவுணர்வு, கல்யாணம், வியாதி என வாழ்க்கையின் எந்தக் கட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை.

மற்றவற்றுக்கு நாம் எவ்வளவு முன்கூட்டியே தயாராகிறோம் பாருங்கள். திருமுழுக்குக்கு ஞானப்பெற்றோரைத் தேடுகிறோம். புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, வெள்ளை உடை தைக்கிறோம். கல்யாணத்துக்கு மூன்று ஓலை வாசிக்கிறோம், கோவிலில் மூன்று முறை அறிவிக்கிறோம். நோயில்பூசுதல் என்றால் மட்டும் வாயைத் திறக்கவே பயப்படுகிறோம்.

[காட்சி: திறந்த விவிலியம். யாக்கோபு 5:14.]

இந்தச் சடங்கின் வேர் யாக்கோபு எழுதிய திருமுகத்தில் இருக்கிறது, 5ஆம் அதிகாரம். உங்களில் ஒருவர் நோயுற்றிருந்தால் திருச்சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி அவருக்காக மன்றாடட்டும் என்கிறார். இதில் வரவழைப்பது யார்? நோயாளியேதான். சுயநினைவோடு, "எனக்காகச் செபிக்க வாருங்கள்" என்று கேட்கிற ஒருவர். சாகும் தறுவாயைப் பற்றி அந்த வசனத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது.

தொடக்க நூற்றாண்டுகளில் மக்கள் இதை இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். 416ஆம் ஆண்டில் திருத்தந்தை (போப்) முதலாம் இன்னசென்ட் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஆயர் (பிஷப்) மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமல்ல, விசுவாசிகளும் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் நோய் வந்தபோது பூசிக்கொள்ளலாம் என்கிறது அது.

பிறகு எப்படி இது சாவோடு ஒட்டிக்கொண்டது? காரணம் பாவசங்கீர்த்தனத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெரும் பாவங்களுக்குக் கொடுக்கப்பட்ட தவமுயற்சிகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன, வாழ்க்கையையே முடக்கிப்போட்டன. அதனால் பாவசங்கீர்த்தனத்தையே மரணப்படுக்கைக்குத் தள்ளிப்போட்டார்கள். எண்ணெய் பூசுவது அதற்குப் பிறகு வரும் சடங்கு என்றானதும் அதுவும் கூடவே கடைசி மூச்சுக்குப் போய்விட்டது. 12ஆம் நூற்றாண்டு வாக்கில் 'இறுதிப் பூசுதல்' என்ற பெயரே நிலைத்தது. நம் ஊரில் பெரியவர்கள் அவஸ்தைப் பூசுதல் என்று சொல்வது இதைத்தான். "அவஸ்தை கொடுத்தாச்சா?" என்று துக்க வீட்டு வாசலில் விசாரிப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பயமும் சேர்ந்தே வளர்ந்தது. பூசுதல் பெற்றவர் பிழைத்து எழுந்துவிட்டால் அதன்பின் இறைச்சி சாப்பிடக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மனைவியோடு சேரக் கூடாது என்றெல்லாம் இடைக்கால ஐரோப்பாவில் மக்கள் நம்பினார்கள். இதெல்லாம் தவறு என்று ஆயர்களே சொல்ல வேண்டியிருந்தது.

[காட்சி: வத்திக்கான், புனித பேதுரு பேராலயம்.]

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் இதைத் தெளிவாக்கியது: இது சாகும் நேரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அல்ல. நோயாலோ முதுமையாலோ ஒருவருடைய உயிருக்கு ஆபத்து தொடங்குகிறபோதே அதற்கான காலம் வந்துவிட்டது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே புதுப்பித்தார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என ஒவ்வொரு புலனுக்கும் எண்ணெய் பூசி, அதன் வழியே செய்த பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். இப்போது நெற்றியிலும் இரண்டு கைகளிலும் பூசுகிறார்கள். செபமும் மாறியது: ஆண்டவர் தூய ஆவியின் அருளால் உமக்குத் துணைபுரிவாராக, உமது பாவத்தைப் போக்கி உம்மை மீட்டு எழுப்புவாராக என்ற பொருளில் அமைந்த செபம் அது. ஆலிவ் எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயும் போதும் என்றார்.

[காட்சி: பேராலயம். பெரிய எண்ணெய்க் கலயங்கள். பின்பு உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகச் சிமிழ்.]

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது? புனித வாரத்தில் மறைமாவட்டப் பேராலயத்தில் ஆயர் தம் குருக்களோடு கூடித் திருப்பலி நிறைவேற்றி, மூன்று எண்ணெய்களைத் தயார் செய்கிறார். அதில் ஒன்று நோயாளருக்கானது. பங்குத்தந்தையர் அதை வாங்கிக்கொண்டு தங்கள் பங்குகளுக்குத் திரும்புகிறார்கள். ஃபாதரின் சட்டைப் பையில் இருக்கும் அந்தச் சிமிழைத் திறந்தால் உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு இருக்கும். கட்டைவிரலை அதில் அழுத்தி நெற்றியில் சிலுவை வரைகிறார். பிறகு நோயாளியின் கைகளைத் தம் கையில் எடுக்கிறார். ட்ரிப்ஸ் ஊசி குத்திக் கன்றிப்போன கைகளாக இருக்கும், வேலை செய்து செய்து காய்த்துப்போன கைகளாகவும் இருக்கும்.

எண்ணெய் பூசுவதற்கு முன்னால் ஒரு கட்டம் வருகிறது. ஃபாதர் ஒன்றும் பேசாமல் நோயாளியின் தலைமேல் கைகளை வைக்கிறார். அறை முழுக்க அமைதி. சடங்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ கைகள் அவரைத் தொட்டிருக்கும். ஊசி போட, பிரஷர் பார்க்க, புரட்டிப் படுக்கவைக்க. இந்தக் கைகள் மட்டும் அவருக்காக மன்றாட வந்தவை.

[காட்சி: முதியோர் சிலர் சக்கர நாற்காலியில், கோவிலுக்குள்.]

யாரெல்லாம் பெறலாம்? கடுமையான நோயில் இருப்பவர்கள், பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், தனியாக ஒரு வியாதி இல்லாவிட்டாலும் வயதால் தளர்ந்துபோனவர்கள், கடுமையாக நோயுற்ற, விவரம் தெரிந்த குழந்தைகள். வாழ்நாளில் ஒருமுறைதான் என்ற கணக்கு இல்லை. குணமாகி மறுபடியும் கடுமையாக நோயுற்றாலும், அதே நோய் முற்றினாலும் திரும்பப் பெறலாம். பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள், உலக நோயாளர் தினம். அதையொட்டிப் பல பங்குகளில் திருப்பலிக்குள்ளேயே முதியோருக்கும் நோயாளருக்கும் சேர்த்துப் பூசுகிறார்கள். பூசுதல் முடிந்து அந்தப் பாட்டிமார்கள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிடுவதை ஊரே பார்க்கிறது. பயத்தைப் போக்க இதைவிட நல்ல போதனையை நான் கண்டதில்லை.

இதனால் நோய் குணமாகுமா? கடவுளுக்கு விருப்பமானால் உடல்நலமும் கிடைக்கும் என்கிறது திருச்சபை. முதலில் அது எதிர்பார்ப்பது நெஞ்சுக்குத் தைரியத்தையும் அமைதியையும், பாவ மன்னிப்பையும், தன் வேதனையைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்துக்கொள்ளும் பலத்தையும். எண்ணெய் பூசியாயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோயோடு போராடி உடல்நலத்தைத் தேடுவதும் கடவுளின் திட்டமே என்று சடங்கு நூலின் முன்னுரையே சொல்கிறது.

சாகும் தறுவாயில் இருப்பவருக்கென்று திருச்சபை தனியாக வைத்திருப்பது வழியுணவு, அதாவது அந்த நேரத்தில் கொடுக்கும் நற்கருணை. உயிர் பிரிந்துவிட்டது என்று உறுதியானால் பூசுதல் கிடையாது. ஃபாதர் அவருக்காகச் செபிப்பார்.

சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினர் ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய இரண்டையே இந்த வரிசையில் வைக்கிறார்கள். நோயாளிமேல் எண்ணெய் பூசி ஜெபிக்கும் வழக்கம் அவர்களிலும் பல சபைகளில் உண்டு.

[காட்சி: வீட்டுக் கட்டில். பக்கத்தில் சிறிய மேசை.]

வீட்டில் என்றால் கட்டிலருகே ஒரு மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசுவின் உருவம்), மெழுகுதிரி, தீர்த்தம் வையுங்கள். ஃபாதர் விரல் துடைக்கக் கொஞ்சம் பஞ்சும் இருக்கட்டும். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் திரி ஏற்றவே கூடாது. பாவசங்கீர்த்தனம் நடக்கும்போது மட்டும் வெளியே நில்லுங்கள். மற்ற நேரம் முழுக்கக் குடும்பம் கூடவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மன்றாட்டுகளுக்குப் பதில் சொல்ல உங்கள் குரல் தேவை. பேரப்பிள்ளைகளையும் வெளியே அனுப்பாதீர்கள்.

பங்கு அலுவலகத்துக்கு போன் செய்யும்போது நோயாளியின் பெயர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, கட்டில் எண், பார்வையாளர் நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அவர் பேசுகிறாரா, விழுங்க முடிகிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள். விழுங்கக் கஷ்டம் என்றால் நற்கருணையில் ஒரு சிறு துணுக்கு போதும். அதுவும் முடியாதவருக்குத் திருஇரத்தத்தை, அதாவது நற்கருணையின் திராட்சை இரசத்தை, மட்டும் கொடுக்கவும் வழி இருக்கிறது. அதற்கு ஃபாதர் முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டும். போன் செய்வதற்கு முன்னால் நோயாளியிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "அப்பா, ஃபாதர் வந்து உங்களுக்காக செபிக்கட்டுமா?"