டப்பாவைக் கேமராவில் காட்டுங்கள்

சரி, ரெக்கார்டு ஆகிறது. பின்னால் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், அம்மா பருப்பு வைத்திருக்கிறாள். எனக்கு ஆறரை மணி வரைக்கும்தான் நேரம், அதற்குள் பேசிவிடுகிறேன்.

போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார்: "நீங்கள் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள்தானே, சுகர் பேஷண்டுக்கு எதற்குப் போன் பண்ணுகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். நான் பார்மசிஸ்ட். ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. ஒரு வருடமாகச் சாயங்காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்குப் போன் பண்ணி, முடிந்தால் வீடியோ காலில், மாத்திரை எப்படிப் போகிறது என்று கேட்கிறேன்.

ஆரம்பத்தில் நான் கேட்ட கேள்வியே தப்பு. "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள், "அதெல்லாம் தவறாம போட்டுக்கறனுங்க அம்மிணி." நானும் டிக் அடித்துவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விடுவேன். இப்படியே ரெண்டு மாதம் ஓட்டினேன். அப்புறம் பார்த்தால் டிக் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை இறங்கவே இல்லை, அதுதான் ஹெச்பிஏ1சி என்று லேப் ரிப்போர்ட்டில் வருமே, அது.

அதனால் இப்போது கேட்பதை மாற்றிவிட்டேன். "அப்பாரு, டப்பாவைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, கேமராவுல காட்டுங்க." அவ்வளவுதான்.

அந்த அப்பாரு கோபிசெட்டிபாளையம் பக்கம், வயது எழுபதுக்கு மேலே. "எதுக்கு அம்மிணி டப்பா, நாந்தான் சொல்றனுல்லங்க" என்று முனகிக்கொண்டே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தார். அதில் ரெண்டு விதமான அட்டை இருந்தது. ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. மேலே பெரிய எழுத்தில் ரெண்டு வேறு பெயர். வெளிச்சத்துக்குக் கிட்டே கொண்டுபோகச் சொல்லி, பேரனை விட்டுக் கீழே இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான், ரெண்டிலும் கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்குகிற ஒரே மருந்து. உள்ளூர் டாக்டர் எழுதியது ஒன்று, திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே வேறு டாக்டர் எழுதியது இன்னொன்று. மனிதர் ரெண்டையும் நம்பிக்கையாகத் தினமும் போட்டிருக்கிறார்! பதினோரு மணியானால் வேர்க்கிறது, கை நடுங்குகிறது, அதை வெயில் என்று நினைத்துக்கொண்டு கருப்பட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது வெயில் இல்லை, லோ சுகர்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அப்பாரு லைனில் இருக்கும்போதே டாக்டரைப் பிடித்தேன், டாக்டர்தான் ஒன்றை நிறுத்தினார். அப்பாருவிடம் நான் சொன்னது இதுதான்: மறுபடி நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள், பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், குறையவில்லை என்றால் இன்னொரு தடவை, அப்புறம் சாப்பாடு. யாராவது மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக 108.

இதையே அவர் கவுன்டரில் வந்து நின்றால் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது. ஏனென்றால் கவுன்டருக்கு டப்பா வராது, சீட்டு மட்டும்தான் வரும். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள், அங்கே யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. சிரிக்காதீர்கள். ஒரு அக்கா மெட்பார்மின் எஸ்ஆர் என்கிற சர்க்கரை மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். மூன்று தடவை போன் பண்ணியும் காரணம் சொல்லவில்லை. நாலாவது தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது அப்படியே முழுசா வெளியே வந்துருதுங்க, உடம்புல சேரவே மாட்டேங்குது, எதுக்குக் காசைப் போட்டு வாங்கோணும்?" என்றார். பாவம், இதைப் பத்துப் பேர் முன்னால் யார் சொல்வார்கள்! எஸ்ஆர் என்றால் மருந்து மெதுவாகக் கசிந்து வருகிற மாத்திரை. மருந்து உள்ளே இறங்கிவிடும், மிச்சமிருக்கும் சக்கை மட்டும் சில பேருக்கு மாத்திரை மாதிரியே வெளியே வரும். பயப்பட ஒன்றும் இல்லை. இதையே காரணமாக வைத்து அந்த மாத்திரையை உடைத்தோ நுணுக்கியோ போடாதீர்கள், மெதுவாக வர வேண்டியது மொத்தமாக வந்துவிடும்.

மறதிக்கு அலாரம் வைத்தால் போதும், ஆப் போட்டால் போதும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நான் பேசுகிற ஆட்களில் நிஜமாகவே மறந்துபோகிறவர்கள் கம்மி. விசைத்தறியில் நைட் ஷிப்ட் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், ஒன்றாம் தேதி அறுபது மாத்திரை வாங்கினார், காலை ஒன்று, இரவு ஒன்று. இருபதாம் தேதி ராத்திரி பேசியபோது இருபதுதான் மிச்சம் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் முப்பத்திநாலு. விடுபட்ட பதினாலும் இரவு மாத்திரை. "இரவு சாப்பாட்டுக்குப் பிறகு" என்று சீட்டில் போட்டிருக்கிறது, ஆனால் அவருக்கு ராத்திரி எட்டு மணிக்கு டீயும் வடையும்தான், சாப்பாடு விடியற்காலை நாலு மணிக்கு. அலாரம் எட்டு மணிக்கு அடிக்கிறது, அவர் அணைத்துவிட்டுத் தறிக்குப் போகிறார். ஆப் என்ன செய்யும்? டாக்டரிடம் சொல்லி அதை அந்த நாலு மணிச் சாப்பாட்டுக்கு மாற்றினோம்.

விரதக்காரர்கள் தனி ரகம். அமாவாசைக்குச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார்கள், மாத்திரையை மட்டும் காலையிலேயே போட்டுவிடுவார்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைக்கு இது வம்பு. விரதம் இருங்கள், முந்தின நாளே கேட்டுவிட்டு இருங்கள்.

இன்சுலின் என்றால் நான் பிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்வேன். ஒரு வீட்டில் ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில், ப்ரீசரில் இன்சுலின் பேனா, அதாவது பேனா மாதிரி இருக்கிற ஊசி, படுத்துக்கிடந்தது. உறைந்துபோன இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது, தூக்கித்தான் போட வேண்டும். திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதாவது பிரிட்ஜின் கீழ்ப்பகுதி. போட ஆரம்பித்த பேனா பெரும்பாலும் 28 நாள் வெளியே தாங்கும், வெயில் படாமல் இருந்தால். பெட்டிக்குள் இருக்கிற தாளில் உங்கள் பேனாவுக்கு எத்தனை நாள் என்று போட்டிருக்கும், பாருங்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. இங்கிலாந்தில் 2011-லிருந்தே இருக்கிறது, நியூ மெடிசின் சர்வீஸ் என்று பெயர். டைப் 2 சர்க்கரைக்குப் புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்தால், ஒன்றிரண்டு வாரத்தில் பார்மசிஸ்ட் பேசுவார், அப்புறம் ரெண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. போனிலேயே பேசலாம், அதற்கு அரசே கடைக்குக் காசு கொடுக்கிறது. நம் ஊரில் 2015-ல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிகளிலேயே மருந்து பற்றி எடுத்துச் சொல்வது பார்மசிஸ்ட்டின் வேலை என்று இருக்கிறது, அதற்குத் தனியாகக் காசுதான் யாரும் தருவதில்லை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். வந்த மாத்திரை வாய்க்குள் போனதா, ஏற்கெனவே டப்பாவில் இருப்பதோடு சேர்ந்து ரெட்டிப்பாகிறதா என்று பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

போனில் முடியாததும் உண்டு. ஊசி போட்டுப் போட்டு வயிற்றில் கட்டி மாதிரி தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க முடியாது. கால் புண்ணைக் கேமராவில் பார்த்து நான் எதுவும் சொல்ல மாட்டேன், நேரில் வரச் சொல்லிவிடுவேன். மலைப் பக்கம் சிக்னலே இருக்காது, அங்கே மகன் நம்பருக்கு அடித்து, அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

மணி ஆறே கால் ஆகிவிட்டது. தறிக்கார அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் பிடிக்க வேண்டும், இன்றைக்கு அவருக்கு இந்த மாத இருபதாம் தேதி எண்ணிக்கை. வைக்கிறேன்.